காப்பாற்றவா? ஆம் / இல்லை

அன்புக்கும், அதைவிடச் சற்று அதிகமாக என் பயத்துக்கும் உரிய மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு உன் அக்கா நலம், வீடு நலம், இடது முழங்காலைத் தவிர நானும் நலம். உன் நலத்தை உன் அக்காவின் பேச்சிலிருந்து ஜாடைமாடையாகத் தெரிந்துகொள்கிறேன். ஆறு வருடம் பேசாமல் இருந்த மனிதர் திடீரென்று எழுதுகிறாரே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நீ பதற வேண்டாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பதற்றம் முழுவதும் என்னுடையது.

விஷயம் இதுதான். நீ எங்கள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் உன் பெயரில் கணக்குத் தொடங்கி, ஓர் இணையக் கடையில் கோட்டை விளையாட்டு ஒன்று வாங்கினோமே, நாற்பத்தொரு அறை, அறைக்கு ஒரு பேய், அந்தக் கடையை இந்த மாதம் முப்பதாம் தேதியோடு மூடுகிறார்களாம். முழங்காலுக்காக நான் ஒரு மாத விடுப்பில் இருக்கிறேன். லிஃப்ட் சோதிக்கிறவருக்கு முழங்கால் எப்படித் தேய்ந்தது என்று மருத்துவர் கேட்டார். எந்த லிஃப்டையும் நம்பாமல் இருபத்தெட்டு வருடமாகப் படியேறியதால் தேய்ந்தது என்று நான் சொல்லவில்லை. சும்மா இருக்கிறவன் பழைய கணினியைத் தட்டி எழுப்பினால், முதல் திரையிலேயே அந்த அறிவிப்பு. அதோடு விட்டார்களா? 'நீங்கள் வாங்கியது விளையாட்டை அல்ல, விளையாடுவதற்கான அனுமதியை மட்டுமே' என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து வீட்டில் எதைத் தொட்டாலும் இது நம்முடையதா, அனுமதியா என்ற சந்தேகம். நேற்று நாற்காலியில் உட்காரும்போதுகூட ஒரு கணம் யோசித்தேன்.

முப்பதாம் தேதிக்குள் இறக்கிக்கொண்டால் பிழைத்தோம். அதற்கு உள்ளே நுழைய வேண்டும், நுழைய ஆறு இலக்க எண் வேண்டும், அந்த எண்ணோ நாற்பத்தேழில் முடியும் உன் கைபேசிக்குத்தான் போகிறதாம். உன்னை அழைத்துக் கேட்கத் துணிச்சல் இல்லாததால் நானே ஊகித்து இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். முதலில் உன் பிறந்த நாள், பிறகு உன் அக்காவின் பிறந்த நாள். இரண்டும் தவறு. இன்னும் ஒருமுறை தவறினால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படும் என்று சிவப்பில் எழுதிவிட்டார்கள். அதன் பிறகு விசைப்பலகையைத் துணியால் மூடி வைத்திருக்கிறேன், தெரியாமல் விரல் பட்டுவிடக் கூடாதே.

வேறு கடையில் அதே விளையாட்டு விற்பனைக்கு இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். வாங்கியதையே மறுபடி வாங்குவதா என்ற வயிற்றெரிச்சலை விழுங்கிக்கொண்டு அங்கும் போனேன். நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள் என்றார்கள். ஒன்பது படங்களைக் காட்டி, படிக்கட்டு உள்ளவற்றைத் தொடச் சொன்னார்கள். நான்கில் படிக்கட்டு இருந்தது, ஆனால் இரண்டில் கைப்பிடி இல்லை. கைப்பிடி இல்லாததைப் படிக்கட்டு என்று நான் எப்படி ஒப்புக்கொள்வது? என் பிழைப்பு என்ன ஆவது? மூன்று முறை மறுத்தேன், மூன்று முறையும் நான் மனிதனில்லை என்று தீர்ப்பாயிற்று. நான்காம் முறை மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு நான்கையும் தொட்டேன். உடனே மனிதனாகிவிட்டேன்.

உள்ளே போய் அவர்கள் போட்டிருக்கும் மாதிரிப் படங்களைப் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று இருக்கிறது. தமிழும் இருக்கிறது. பிழையில்லாத, பெட்டிபோட்டுத் தேய்த்த தமிழ். 'சேமிக்கவா?' என்று கேட்கிறது. மாப்ளே, அங்கேதான் என் கை நின்றுவிட்டது. பழைய கடையில் இருப்பது நீ உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துச் சேர்த்த தமிழல்லவா? பழைய ஆட்டத்தைத் திரும்ப எடுக்கும் 'லோட்' என்பதற்கு 'சுமை ஏற்று' என்று எழுதினாய். எத்தனை கிலோ வரை என்று நான் திரை முழுக்கத் தேடினேன். ஆட்டத்தைச் சேமிக்கும் 'சேவ்' என்பதற்கு 'காப்பாற்றவா?' என்று எழுதினாய். அதில்தான் நம் குடும்பத்தில் தீ வைத்தாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததை இன்றைக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக ஆட்டத்தை முடித்து வைப்பவன் நீ. அன்று நீ வேலைக்கான தேர்வுக்குப் போயிருந்தாய். நான் தனியாக முப்பத்தொன்பதாம் அறையைத் தாண்டினேன். மாடத்தில் மந்திரியின் மகள் நின்று அழுதுகொண்டிருந்தாள். களைத்துப்போய் ஆட்டத்தை மூடப் போனேன். 'காப்பாற்றவா? ஆம் / இல்லை' என்று கேட்டது. இருபதாம் அறையில் இப்படித்தான் ஒருத்தி அழுதாள், இரக்கப்பட்டுப் போனேன், பேயாக மாறி மூன்று உயிரைத் தின்றாள். சூடு கண்ட பூனை நான். 'இல்லை' என்று அழுத்தினேன். 'இல்லை' என்றால் முன்பு சேமித்ததையும் சேர்த்து அழித்துவிடும் விளையாட்டு அது. எட்டு மாத உழைப்பு போயே போய்விட்டது.

நீ வந்து பார்த்தாய். "என்ன அத்தான் இது? காப்பாத்தவான்னு கேட்டா வேணாம்னு சொல்ற ஒரே ஆள் நீங்கதான்!" என்றாய். நான் உடனே, "தெரியாத வேலையில கைய வெச்சா இப்படித்தான். நாளைக்கு எவன் உன்னை நம்பி வேலை குடுப்பான்?" என்றேன். அன்றைய தேர்வில் உன்னை மொழிபெயர்ப்பு வேலைக்கு வேண்டாமென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. மறுவாரமே பெட்டியைக் கட்டினாய். இன்று நீ மருந்துப் பெட்டிகளுக்குள் வைக்கும் குறிப்புகளை மொழிபெயர்க்கிறாய் என்று உன் அக்கா பெருமையாகச் சொல்கிறாள். நானும் எந்த மாத்திரை வாங்கினாலும் அந்தத் தாளைக் கடைசி வரி வரை படிக்கிறேன். பக்கவிளைவுகளைப் படித்துப் பயந்து பல நேரம் மாத்திரையைச் சாப்பிடுவதில்லை. அது வேறு விஷயம்.

ஆகவே புதிதாக வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் மூன்று மணிக்கு உன் கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைத் தயவுசெய்து எனக்கு அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம், எண் மட்டும் போதும். உன் அக்கா கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரம் அது. இந்த வயதில் பேய் விரட்டுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் நாற்பத்திரண்டாம் அறை ஒன்று திறக்கும்.

நீ குறைவில்லாமல் இருக்க வேண்டும். நீ ஏறுகிற லிஃப்டெல்லாம் பத்திரமாக இறங்கவும் வேண்டும்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் அக்கா வந்துவிட்டாள். கையிலிருந்து பிடுங்கி முழுவதும் படித்தாள். "அவன் நம்பரை மாத்தி நாலு வருஷமாச்சு. அந்தப் பழைய சிம் என் போன்லதான் இருக்கு. நம்பர் நம்பரா வந்துட்டே இருந்தது, எவனோ திருடன்தான்னு நான் நடுங்கிப்போய்க் கதவுக்கு ரெண்டாவது தாழ்ப்பாள் போட்டேன். கடைசியில திருடன் உள்ளதான் இருந்திருக்கான்!" என்றாள். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி எண்ணை வரவழைக்கச் சொன்னாள், வந்ததை அவளே வாசித்தாள். விளையாட்டு இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே மேலே எழுதியிருப்பது எதுவும் தேவையில்லை. உன்னிடம் கேட்டு வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. கேட்க ஒன்றுமில்லாமல் உனக்குக் கடிதம் அனுப்புவதுதான் இருப்பதிலேயே எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனாலும் அனுப்புகிறேன். அன்று நான் சொன்னது தப்பு. நான் வீட்டில் இருக்கும்போதும் ஒருமுறை வா.