பொட்டு வைத்த ஆறு தகடுகள்

அந்த ஆயுத பூஜைக்கு ஆலையில் எல்லோரும் இருந்தோம். மானேஜர் பட்டு வேட்டியில் இருந்தார். ஃபிட்டர் மாடசாமி இருந்தார். வாட்ச்மேனின் மாமியார்கூட இருந்தார். இல்லாத ஒரே ஆள் ஒண்ணுபோல அண்ணாச்சி. கயத்தாற்றில் அவர் மகளுக்கு வளைகாப்பு.

கலக்குவதற்கென்றே உலகத்தில் ஒரு மனிதர் பிறந்தார் என்றால் அது அவர்தான். டீக்கடையில் கிளாஸை வாங்கி, இன்னொரு கிளாஸுக்கு மாற்றி, மறுபடி மாற்றி, பதினோரு ஆற்று ஆற்றிய பிறகுதான் வாயில் வைப்பார். "மேல ஒரு ருசி, அடியில ஒரு ருசின்னா அது ரெண்டு டீல்லா! எல்லாம் ஒண்ணுபோல இருக்கணும்வே" என்பார். கோவில்பட்டியிலிருந்து எங்களை ஏற்றிவரும் வேனில் குண்டர்களையும் ஒல்லியர்களையும் மாற்றி மாற்றி உட்காரவைத்த பிறகுதான் டிரைவர் கிளம்ப முடியும். ஒரு கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் தனித்தனி வரிசையாக உட்கார்ந்திருக்க, இவர் புகுந்து எல்லோரையும் கலைத்து உட்காரவைத்தார். இரண்டு சண்டை வந்தது. இன்னொரு கல்யாணமும் நிச்சயமானது.

ஆலையில் அவருக்குக் கிடைத்த வேலையும் அப்படி, கலவைக் குழாயைப் பார்த்துக்கொள்வது. கரிசல்காட்டு நடுவில் நைட்ரிக் அமிலம் செய்யும் சின்ன ஆலை எங்களுடையது. அம்மோனியா வாயுவும் காற்றும் ஒரு தடித்த குழாயில் சேர்ந்து போய், உலைக்குள் இருக்கும் பிளாட்டினம் வலையில் படவேண்டும். குழாய்க்குள் மோட்டார் எதுவும் கிடையாது. ஒரு கம்பியில் கோத்த, முறுக்கிய ஆறு தகடுகள்தான். ஒவ்வொன்றும் முந்தையதற்குக் கால்வட்டம் திரும்பி நிற்கும். வாயுவை வெட்டி, மடித்து, மறுபடி வெட்டிக் கலக்கும். கலவை சரியாக இருந்தால் வலை முழுக்க ஒரே நிறத்தில் ஜொலிக்கும். கலக்காமல் போனால் ஒரு பக்கம் எரிந்தே போகும். நாகலாபுரத்தில் என் அப்பா மேய்க்கும் ஆடுகளோடு ஊர் ஆடுகள் அத்தனையும் விற்றாலும் அந்த வலையில் ஒரு மூலை வாங்க முடியாது.

நான் அங்கே பயிற்சி இன்ஜினியர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். வேலை நிரந்தரமாக ஒரு வாரம்தான் பாக்கி. பூஜைக்காகக் கழற்றிக் கழுவிய தகடுகளைத் திரும்ப மாட்டியதற்குக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான்.

மறுநாள் ஆலையை ஓட்டினோம். உலையின் ஒரு பக்கம் வெப்பம் ஏறிக்கொண்டே போனது, மறுபக்கம் இறங்கிக்கொண்டே வந்தது.

மானேஜர் தலையில் கைவைத்தார். "வலை போச்சு! எவன்ல கையெழுத்துப் போட்டது?"

எவன் என்று எனக்குத் தெரியும்.

மதிய ஷிப்டுக்கு அண்ணாச்சி வளைகாப்புச் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தார். உலையின் கண்ணாடி ஜன்னலில், டாக்டர் நாக்கைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்த்தார்.

"இங்கன செவப்பு, அங்கன கருப்பு. வலைக்கு ஒண்ணுமில்ல சார். கலவைதான் கெட்டுக் கெடக்கு." என் பக்கம் திரும்பினார். "தகட்ட எப்படி மாட்டுனிய தம்பி?"

"அழகா மாட்டினோம் அண்ணாச்சி. பொட்டெல்லாம் ஒரே நேரா வச்சு."

"என்ன பொட்டு?"

"சந்தனப் பொட்டு. பூஜைக்கு வச்சது. கம்பியில கோத்த பிறகு தொடைச்சிட்டோம்."

"பொட்டு வைக்கும்போது தகடு எங்கன இருந்துச்சு?"

"தரையில. வரிசையா."

அண்ணாச்சி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தரையில் கிடந்த ஆறுக்கும் மேல்பக்கமாகப் பொட்டு வைத்து, அந்தப் பொட்டையே அடையாளமாக்கி, ஆறையும் ஒரே திசையில் நிறுத்தியிருக்கிறோம்!

"எய்யா, இப்ப அம்மோனியா ஒரு ஓரமா போவுது, காத்து ஒரு ஓரமா போவுது. மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போற சம்பந்திமாரு கணக்கா!"

"நம்ம பக்தியில ஒரு கொறையும் இல்ல அண்ணாச்சி" என்றார் மாடசாமி.

"சாமி கோச்சுக்கல மாடசாமி. அம்மோனியாதான் கோச்சுக்கிட்டு."

மானேஜருக்கு நம்பிக்கை வரவில்லை. திறந்தால் ஒருநாள் உற்பத்தி போகும். அண்ணாச்சி அசையவில்லை. "தொறந்து பாருங்க சார். நான் சொன்னது தப்புன்னா, இந்தத் தம்பியோட என்னையும் சேத்து வீட்டுக்கு அனுப்பிருங்க."

நிறுத்தி, ஆறவிட்டு, திறந்தோம். தகடுகள் ஆறும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசை பிசகாமல் நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டினோம். குழாயைத் திறந்ததில், மூட்டில் வாயு கசியாமல் வைக்கும் கேஸ்கெட் இரண்டு வீணானது. "அந்தக் காசு மாட்டுனவன் தலையில!" என்று மானேஜர் கத்திவிட்டுப் போனார்.

மறுபடி ஓட்டியபோது வலை மெதுவாகச் சிவந்து, ஓரம்வரை ஒரே ஆரஞ்சு நிறமாகப் பரவியது. அண்ணாச்சி கண்ணாடியை விட்டு நகரவே இல்லை. பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் பார்ப்பதுபோல நின்றார்.

அடுத்த வாரம் மானேஜர் என்னை அழைத்து நிரந்தர ஆணையைக் கையில் கொடுத்தார். "தப்பு யாருக்கும் வரும். சொன்ன மறுநாளே நீயா போய்க் காசு கட்டுன பாரு, அதுக்குத்தான் இது."

நான் கட்டவில்லையே! சம்பளம் வந்ததும் கட்டலாம் என்றல்லவா இருந்தேன்? ஸ்டோருக்கு ஓடி ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன். கட்டியவர் என்ற இடத்தில், அண்ணாச்சியின் உருண்டைக் கையெழுத்தில், என் பெயர் இனிஷியலோடு இருந்தது. அதற்கு நேராக: கேஸ்கெட் இரண்டு, ரூபாய் எழுநூற்று இருபது.