பினாயில் அக்காவுக்குப் பக்கத்து வீடு

பெங்களூரில் என்னைக் கொல்லப் பார்த்தவர்கள் பலர். தண்ணீர் லாரி டிரைவர்கள், மூடியில்லாத சாக்கடை, என் பட்டறை முதலாளி என்று பட்டியல் நீளும். ஆனால் அன்பாகக் கொல்லப் பார்த்தது பினாயில் அக்கா ஒருத்திதான்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஒரு வீட்டில் அப்பளம் கடித்தால் பக்கத்து வீட்டில் கேட்கும். கடைசி வீடு எனது, அதற்கு முந்தினது அக்காவுடையது. அவளுக்குச் சொந்தப் பெயர் இல்லாமலா இருக்கும்? ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவர்கூட "பினாயில் அக்கா வூடு எது?" என்றுதான் கேட்பார். அவளும் பெருமையாகக் கை தூக்குவாள்.

ஏதோ ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அங்கே துடைத்தது போதாதென்று வீட்டுக்கு வந்தும் துடைப்பாள். தன் வீட்டை முடித்துவிட்டு சந்து முழுவதையும் துடைப்பாள். தண்ணீர் மீட்டரைத் துடைப்பாள். கரண்ட் கம்பத்தைக் கை எட்டும் உயரம் வரை துடைப்பாள். அதற்கு மேல் கம்பம் வேறு நிறத்தில் நிற்கும். ஒரு தடவை கோயிலுக்கு வாங்கிய தேங்காயை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊற வைத்து எடுத்துப் போனாள். பூசாரி அதை மோந்து பார்த்துவிட்டு சாமி பக்கம் கொண்டு போகாமல் ஓரமாக வைத்துவிட்டார். தெருநாய்கள் எங்கள் சந்துக்குள் வந்தால் தும்மிவிட்டுத் திரும்பிப் போகும்.

"வாசனை வரலன்னா அது இன்னா சுத்தம்?" என்பது அவள் கட்சி. அதனால் பினாயில் ஊற்றிய பிறகு சாம்பிராணி, அதன் மேல் ஊதுபத்தி, அதற்கும் மேல் ரோஜா வாசனை ஸ்பிரே. சாயங்காலம் ஆனால் கொசுவத்தி.

நான் ஆடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்தவரிடம் வேலை பார்த்தேன். இந்தச் சந்துக்குக் குடி வந்த கொஞ்ச நாளில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. மூச்சை விட்டால் விசில் அடித்தது. பெங்களூர் கிளைமேட் என்றார் முதலாளி. இந்த ஊரில் முடி கொட்டினாலும் கிளைமேட்தான். தயிரை நிறுத்தினேன். தலையணையைத் தூக்கி எறிந்தேன். பட்டறையில் முகத்தில் துணி கட்டிக்கொண்டேன். விசில் நிற்கவில்லை.

அக்கா பார்த்த உடனே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "பட்டறைத் தூசிய வூட்டுக்குத் தூக்கினு வர்ற. அது நெஞ்சுல குந்திக்கினு கீது. நீ சும்னே இரு, நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள். நான் வந்து நின்றதும் செருப்பைப் பிடுங்கி பினாயில் வாளியில் முக்கினாள். என் வாசல்படி, கதவு, கதவின் பின்பக்கம் எல்லாம் கழுவினாள். எனக்கு மூச்சிரைப்பு ஏறியது. "இன்னும் இழுக்குதா? அப்ப இன்னும் தூசி கீது" என்று இன்னொரு மூடி ஊற்றினாள். எனக்கு ஏற ஏற அவளும் ஏற்றினாள். ஒரு நாள் பாத்ரூம் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்துவிட்டாள். அதிலிருந்து விஷவாயு வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. சந்து முழுக்கக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மெயின் ரோட்டில் போய் நின்றது. "பாத்தியா, எம்மாம் அழுக்கு வெளிய வருது" என்றாள் இருமிக்கொண்டே.

கடைசியில் ஒரு டாக்டர் ஒழுங்காகக் கேள்வி கேட்டார்.

"எந்த நாள்ல ஜாஸ்தியா இருக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"அன்னிக்குப் பட்டறை உண்டா?"

"லீவு சார்."

"அப்ப பட்டறை மேல பழி போடாதீங்க. ஞாயித்துக்கிழமை வீட்ல என்ன நடக்குது?"

அக்காவுக்கும் ஞாயிறுதான் லீவு. எல்லாவற்றையும் சொன்னேன். "இந்த வாசனையும் புகையும் எல்லாருக்கும் இப்படிப் பண்ணாது. உங்களுக்கு ஆகல. அலர்ஜி ஆஸ்துமா" என்று இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். "அதுங்ககிட்டேர்ந்து தள்ளி இருங்க." ஒரு செங்கல் தள்ளித்தான் இருக்கிறேன் என்றேன்.

எனக்குக் கோபம் சுலபமாக வரும். அன்றைக்கு நடந்து வரும்போதே வந்துவிட்டது. அக்கா வாளியோடு என் வாசலில் குனிந்திருந்தாள்.

"நிறுத்துக்கா. என்னைக் கொல்றது தூசி இல்ல, உன் பினாயில். டாக்டர் சொல்லிட்டாரு. நீ நிறுத்தலன்னா நான் வீட்டைக் காலி பண்றேன்."

தண்ணீர் லாரிக்காரனையே ஓட ஓட விரட்டுகிறவள் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க நைனா கோலார்ல தங்கச் சுரங்கத்துல இருந்தாரு. கல்லுத் தூசி நெஞ்சுல பூந்துதான் செத்தாரு. கடைசியில அவரு மூச்சும் இப்பிடித்தான் ஊதும். சொவத்துக்கு அந்தாண்ட உன் சத்தம் கேட்டதும் பயந்துட்டேன்டா. ஒரு பொட்டுத் தூசி வுடக் கூடாதுன்னு தொடச்சேன்."

"அது வேற, இது வேறக்கா."

"சத்தம் ஒண்ணுதானே."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து வெறும் வெந்நீரும் துணியும்தான். உப்பில்லாமல் சமைத்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு துடைப்பாள். கொசுவத்திக்குப் பதில் வலை வாங்கினாள். பண்டிகைக்குச் சாம்பிராணி போட்டே ஆக வேண்டும் என்றால், பற்ற வைக்கும் முன் என்னைச் சந்திலிருந்தே துரத்துவாள். "மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வா. பொகை அடங்குனதும் போன் போடறேன்." தினம் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"தம்பி, மூச்சு வுடு."

விடுவேன்.

"ஊதல. சரி, போய்த் துன்னு."

போன வருஷம் அக்காவை அவள் மகள் அத்திபெலேக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து வீட்டில் இப்போது இரண்டு ஐ.டி. பையன்கள். அவர்கள் எதையும் எதனாலும் துடைப்பதில்லை. டாக்டர் மருந்தைக் குறைத்துவிட்டார். மூச்சு நன்றாகத்தான் வருகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் சுவர்ப் பக்கம் திரும்பி ஒரு தடவை சத்தமாக விட்டுப் பார்க்கிறேன். துன்னச் சொல்லத்தான் ஆளில்லை.