பேணியரும் பூம்ப்ளிஸ் தண்ணீரும்

சுவிட்சர்லாந்துக்கு மலை பார்க்க வந்தவர்கள் உண்டு. உயிர் தப்பி வந்த எங்களைப் போன்றவர்களும் உண்டு. பச்சைத் தண்ணீர் குடிப்பதற்கென்றே வந்தவர் பேணியர் ஒருவர்தான். சொந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை. கோட்டுப் பையில் எந்நேரமும் மூக்கு வைத்த குவளை ஒன்று, ஒரு பித்தளை மூக்குப்பேணி, இருக்கும், அந்தப் பெயரே போதுமாயிருந்தது.

நாங்கள் குடியிருந்த பூம்ப்ளிஸில் தெருவுக்குத் தெரு கல்தொட்டி. குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், யாரும் குடிக்கலாம். பேணியர் பேணியில் ஏந்தி, அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு தீர்ப்பு வரும்.

"தேவாலயத்துக்குப் பின்னாலை உள்ளது முதலாந்தரம், பல்லுக் கூசும். பஸ் தரிப்பிடத்துத் தண்ணி சரியில்லை. ஆணியை நக்கினமாதிரி!"

ஒருமுறை சுற்றுலாப் பயணிகள் ஏழெட்டுப் பேர் ஏதோ பூசை என்று நினைத்து வரிசையில் நின்றுவிட்டார்கள். ஆளுக்கொரு பேணி ஊற்றித்தான் அனுப்பினார்.

நாங்கள் இருவரும் ஒரே உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவினோம். ஆனால் நான் துரை அல்லவா! கடையில் வாயுத் தண்ணீர் போத்தில் வாங்கி, லேபல் வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடப்பேன்.

"தம்பி, ஏவறை விடுறதுக்குக் காசு குடுக்கிறீரோ?"

"சுவிஸ்காரர் குடிக்கிறது அண்ணை இது."

"சுவிஸ்காரன் தொட்டியிலை குடிக்கிறான். உம்மைப்போல ஆக்கள்தான் உதைக் குடிக்கினம்."

நான் ஏப்பத்தை அடக்கிக்கொண்டு நடப்பேன்.

அப்போதுதான் எனக்குக் குடியுரிமை நேர்முகம் வந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள், எல்லோருடைய கடவுச்சீட்டும் என் வாயை நம்பியிருந்தது. ஏரிகளையும் மலைகளின் உயரத்தையும் ஒரு மாதம் பாடமாக்கினேன். அன்று காலை தொண்டை வறண்டு குரலே எழும்பவில்லை. துணைக்கு வந்த பேணியர், அலுவலக வாசல் தொட்டியில் பேணியை நிரப்பி நீட்டினார்.

"ஒரு மிடறு விட்டிட்டுப் போம்."

"நேரம் போட்டுது அண்ணை!"

"அண்ணாந்து விடும் எண்டுறன்!"

பழக்கமில்லாத வாய். பாதி மூக்குக்குள், மீதி சட்டையில்.

உள்ளே மூன்று பேர். நடுவிலிருந்த அம்மணி என் சட்டையைப் பார்த்து, வெளியே மழையா என்று கேட்டார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஏரி, மலை எல்லாம் மறந்துபோய், பேணிக் கதையை உளறிவிட்டேன். சரி, எந்தத் தண்ணீர் நல்லது என்றார். பேணியரின் தீர்ப்பு முழுவதையும், வெட்கமேயில்லாமல், என்னுடையதாக அவிழ்த்துவிட்டேன். மூவரில் ஒருவரான கிழவருக்கு வீடு பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில். எங்கள் தண்ணீருக்கு என்ன குறை என்று எகிறினார். மூவரும் தங்களுக்குள் பிடுங்குப்படத் தொடங்கினார்கள். மலையின் உயரத்தை ஒருவரும் கேட்கவில்லை.

சில மாதங்களில் கடிதம் வந்தது. பேணியரிடம் ஓடினேன்.

"கிடைச்சிட்டுது அண்ணை!"

"தேவாலயத்துத் தண்ணிதான் முதலாந்தரம் எண்டு சொன்னனீரோ?"

"ஓம்."

"அப்ப சரி."

போன வருடம் அவர் மகளோடு இருக்க லோசானுக்குப் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டேன்.

"அங்கை தண்ணி எப்பிடி அண்ணை?"

"குடிக்கலாம்," என்றார். "பல்லுத்தான் கூசேல்லை."

அடுத்த சனிக்கிழமை என் துரைப் போத்திலைக் கழுவி, தேவாலயத்துக்குப் பின்னால் நிரப்பி, குளிர் போய்விடக் கூடாதே என்று கம்பளிச் சால்வையில் சுற்றி, லோசான் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டே போனேன்.