மாவு பூசிய மாஸ்க்

மாஸ்க் போடுவதில்லை என்று நான் உறுதி எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வெளியேதான். வீட்டுக்குள் உறுதி எடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை.

நான் மாவு மில்லில் அரைக்கிறவன். ஊரெல்லாம் தொற்று. ஆனாலும் மில்லில் வரிசையில் நிற்கிறவர்கள் மாஸ்க்கைத் தாடைக்குத்தான் மாட்டியிருப்பார்கள். நான் மட்டும் மூக்கை மூடினால் கேலி செய்ய மாட்டார்களா? மனைவி தைத்துத் தந்த கறுப்பு மாஸ்க்கைத் தெருமுனையிலேயே கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். சாயங்காலம் அதன்மேல் கொஞ்சம் மாவைத் தேய்த்து, மூக்கிலும் வாயிலும் படிந்த மாவைக் கழுவி, சமர்த்தாக மாட்டிக்கொண்டு வீடு திரும்புவேன். மாவைப் பார்த்து அவள் பூரித்துப்போவாள். அவளுக்கு மூச்சிழுப்பு உண்டு. அதை நினைத்தால் மட்டும் கொஞ்சம் உறுத்தும்.

நேற்றும் பழக்க தோஷத்தில் பூசிக்கொண்டு போனேன்.

"இன்னைக்கு நிறைய வேலையோ?"

"மூச்சு விட நேரமில்ல."

"அடுத்த வீட்டு அக்கா கோதுமையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்துட்டாங்க. காலையிலேருந்து மில்லு மோட்டாரே ஓடலையாமே?"

ஓடவில்லைதான். நாள் முழுக்க மெக்கானிக்கோடு அரட்டை. எனக்கு முழி பிதுங்கியது. அவள் திட்டவில்லை. சட்டென்று உள்ளே போய் ஒரு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"வீட்டுக்குள்ள எதுக்கும்மா?"

"நீங்க வெளியில போடல. யாராவது ஒருத்தர் போடணும்ல?"

இருபத்தாறு வருஷமாக அவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் பேசுவதா, வாயை மூடுவதா என்று முடிவு செய்கிறேன். இப்போது கோபமா, அழுகையா, ஒன்றும் தெரியவில்லை.

"தப்புதான். கழட்டேன்."

"நாளைக்குப் போட்டுட்டு வாங்க. பார்க்கலாம்."

இன்று நாள் முழுக்கப் போட்டேன். "புது மாப்பிள்ளைக்கு வெட்கமோ!" என்று மில்லே சிரித்தது. சிரிக்கட்டும். அவள் அழுதிருப்பாளோ என்ற நினைப்பில் யாருடைய கோதுமையையோ ரவையாக்கிவிட்டேன். அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தக் கேலிக்காரர்களா வந்து என் பக்கத்தில் உட்காரப்போகிறார்கள்?

வீட்டில் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் தடம் சிவந்திருந்தது. அதை விரலால் மெதுவாக நீவிவிட்டு, தன் மாஸ்க்கைக் கழற்றினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்டேவிட்டேன்.

"நேத்து அழுதியாம்மா?"

"அழுகையா? நீங்க முழிச்ச முழியில எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. அது தெரியக் கூடாதுன்னுதான் மாஸ்க்கே போட்டேன்!"