ரசமட்டம் வீட்டு வாசல் தளம்

காரைக்குடியில் நேராக நிற்கிற சுவர் ஒன்றுகூடக் கிடையாது. இதை அடித்துச் சொல்ல உலகத்திலேயே ஒருவருக்குத்தான் தகுதி இருந்தது. அவர் பெயர் ரசமட்டம். பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள்தான், ரேஷன் கார்டில் அது இருந்திருக்கும். எங்கள் தெருவில் யாரும் அதைக் கேட்டதில்லை.

ரசமட்டம் என்பது தரை சமமாக இருக்கிறதா என்று கொத்தனார்கள் வைத்துப் பார்க்கிற சாமான். ஒரு முழக் கட்டை, நடுவில் சின்னக் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. குமிழி நடுவில் நின்றால் தரை சமம், ஓரம் போனால் கோணல். மனுசனுக்குத் தரையில் ஆத்தங்குடிப் பூக்கல் பதிக்கிற வேலை. மற்றவர்கள் அந்தக் கட்டையை வேலைக்கு எடுத்துப் போவார்கள், இவர் கல்யாணத்துக்கும் எடுத்துப் போவார்.

ஒரு முகூர்த்தத்தில் மணவறைக்கு முன்னால் குத்தவைத்து, கட்டையை வைத்துப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைப் பக்கம் இறக்கமா இருக்கு. ரெண்டு வெத்தலையை மடிச்சு அடியில குடுங்க" என்றார். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுத்துக் கொடுத்தார். ஓட்டலில் ஊத்தாப்பம் ஒரு பக்கம் தடிமனாக வருகிறது என்று யாரோ மாஸ்டரைத் திட்ட, இவர் எழுந்து போய் அடுப்பு மேடையை அளந்துவிட்டு, "அவரை ஏன் வைறீக? மேடை கட்டுனவனை வைங்க" என்று தீர்ப்புச் சொன்னார். என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு அழைத்தேன், மாதா கோயிலுக்கும் கட்டையோடு வந்தார். பூசை முடிந்ததும் பீடத்துப் படியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் பங்குச்சாமி, "என்ன சொல்லுது?" என்று கேட்டார். "வலப்பக்கம் கால் இஞ்சு இறக்கம் சாமி. உங்க பிரசங்கம் பூரா அங்குட்டுத்தான் ஓடியிருக்கும்" என்றார். சாமி சிரித்துவிட்டார், எனக்குத்தான் மானம் போயிற்று.

இப்படிப்பட்டவர் தன் வீட்டு வாசலில் ஒரு தளம் போட்டிருந்தார். பட்டறையில் கழித்த பூக்கற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிவந்து, நிறம் சேர்த்து, இரண்டு வருசம் உட்கார்ந்து பதித்த தளம். அதன்மேல் ஒரு கோலிக்குண்டை வைப்பார், அது வைத்த இடத்தில் நிற்கும். வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்க்காமல் காப்பி குடிக்க முடியாது. வாசல் தளத்துக்குச் சாய்வு கொடுக்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவர் கொடுக்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் எங்குட்டுப் போவது என்று தெரியாமல் அப்படியே நிற்கும். அவர் பெண்சாதி செல்லம்மா தென்னந்துடைப்பத்தோடு வந்து, "உலகத்துல மழைக்குப் பயப்படுற வாசல் இது ஒண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே கூட்டித் தள்ளுவார்.

இனி ஊருணிக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. வாயில் வைக்க முடியாது. குடிக்கிறதுக்கு லாரியை நம்பித்தான் இருந்தோம். நான் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். காலையில் லாரி வந்தால் ஆபீஸுக்கு லேட், ஆபீஸுக்கு நேரத்தில் போனால் வீட்டில் தண்ணீர் இல்லை. நான் இயல்பிலேயே கோபக்காரி, அந்த லாரி என்னை இன்னும் கெடுத்தது. தெருக்கோடியிலேயோ வன்னியடி ஊருணி என்று ஒரு குடிதண்ணீர்க் குளம், தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவை முள் மண்டிக் கிடந்தது.

சைக்கிள் கடை முத்தையாதான் ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒரு ஆள் வந்து ஊருணியைச் சுத்தம் செய்வது என்று ஏற்பாடு. எங்கள் வீட்டு ஆளாக என் வீட்டுக்காரர் கைதூக்கியது என் பெயருக்கு. முதல் பூசைக்குப் போய்விட்டு, சேலையை மாற்றிக்கொண்டு, மண்வெட்டியோடு நிற்பேன். கோடை முழுக்கக் கருவையை வேரோடு பிடுங்கினோம், வண்டல் அள்ளினோம். முள் குத்தாத கால் தெருவில் ஒன்றுகூட மிச்சமில்லை.

ஊருணி முடிந்தபிறகு வரத்துக்கால். மேட்டு நிலத்திலிருந்து மழைத் தண்ணீரை ஊருணிக்குக் கொண்டுவருகிற வாய்க்கால் அது. தூர்ந்து தரையோடு தரையாகக் கிடந்தது. வீட்டுக்கு இவ்வளவு நீளம் என்று முத்தையா கயிறு போட்டுப் பங்கு பிரித்துவிட்டார். அதுதான் வினையாகப் போனது. பக்கத்துப் பங்குக்காரர் முழங்கால் ஆழம் வெட்டினால் நம்ம வீடு தொடை ஆழம் வெட்டாவிட்டால் கௌரவம் என்னாவது? போட்டி போட்டு வெட்டினோம். நான் மட்டும் என்ன யோக்கியமா, லீவு போட்டுவிட்டு வெட்டியவள்.

ரசமட்டம் மட்டும் கரையிலேயே நடந்துகொண்டு, "கெணறா தோண்டுறீக? வாய்க்காலுக்கு ஆழம் எதுக்கு? வாட்டம் பாருங்கப்பு" என்று கத்தினார். சாய்வைத்தான் வாட்டம் என்பார். எவர் காதில் விழுந்தது?

புரட்டாசியில் ஒரு மழை அடித்தது. குடையோடு ஊருணிக் கரையில் போய் நின்றோம். தண்ணீர் வந்தது, வந்து முதல் வீட்டுப் பங்கில் நின்றது. அது நிரம்பி அடுத்த பங்கில் நின்றது. ஆளுக்கொரு குளம், குளத்துக்கு நாலு தவளை. ஊருணிக்கு ஒரு குடம் தண்ணீர்கூட வந்து சேரவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் சரிசெய்யாவிட்டால் அடுத்த வருசமும் லாரிதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான்.

அன்றைக்கே முத்தையா போய் ரசமட்டத்தைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கூட்டிவந்தார். நீண்ட வாய்க்காலுக்கு ஒரு முழக் கட்டை போதாது. அதற்குக் கண்ணாடி மாதிரி டியூப் ஒன்று வைத்திருந்தார். டியூப் நிறையத் தண்ணீர், எவ்வளவு தூரம் இழுத்தாலும் இரண்டு முனையிலும் அது ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனை அவர் கையில், மறு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். ஆபீஸில் எண்களைத் தப்பில்லாமல் அடிக்கிறவள் என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

வேலை இதுதான். டியூப்பில் தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து தரைவரைக்கும் எத்தனை அடி என்று குச்சி வைத்துப் பார்த்து நான் கத்த வேண்டும், அவர் முனையில் அவரும் கத்துவார். என் எண் பெரிதானால் நான் நிற்கிற இடம் பள்ளம், சிறிதானால் மேடு. நான் நிற்பது மழை வருகிற பக்கம். ஆகவே என் எண் எப்போதும் அவர் எண்ணைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் மேட்டில் ஏற வேண்டி வரும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை அளந்தோம். வெட்டிய மண்ணைத் திரும்பக் கொட்டச் சொன்னார். வெட்டினபோது வராத வலி கொட்டினபோது வந்தது எல்லாருக்கும். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் பொறுக்கமாட்டாமல், "உம்ம டியூப்ல காத்து இருக்கு. அதான் தப்புத் தப்பாக் காட்டுது" என்றார். டியூப்பில் காற்றுக் குமிழி புகுந்தால் அளவு தப்பும், நிசம்தான். ஆனால் அதை ரசமட்டத்திடம் சொல்லலாமா? மனுசன் டியூப்பைக் கீழே வைத்துவிட்டு அவர்முன் போய் நின்றார். "முப்பது வருசமாப் பிடிக்கிறேன். என் டியூப்ல காத்து புகுந்ததே இல்லை. வேலை தெரியாத பயதான் அந்தச் சாக்கைச் சொல்லுவான்" என்றார். கடைக்காரர் மண்ணைக் கொட்டினார்.

கடைசி ஞாயிறு. ஊருணிக்குப் பக்கத்தில் ரசமட்டம் வீட்டு வாசலில்தான் வரத்துக்கால் முடிகிறது. அங்கே மட்டும் தளத்தைச் சுற்றி வளைவாக வெட்டியிருந்தோம். முத்தையாவும் மற்றவர்களும் மேலே மண் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ரசமட்டம் தன் வாசலில், அந்த வளைவில் நின்று, "மூணடி" என்றார்.

நான் குச்சியைப் பார்த்தேன், மூன்றரை இருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தேன், அப்போதும் மூன்றரைதான். அவர் நிற்கிற வளைவு என் இடத்தைவிட அரை அடி மேடு. அந்த வளைவுக்குக் கீழே பாறை, வெட்ட முடியாது. பழைய வாய்க்கால் நேராகப் போயிருக்கிறது, அந்தத் தளத்துக்கு அடியில். அத்தனை பேர் வாய்க்காலையும் அளந்து குற்றம் சொன்ன மனுசன், தண்ணீர் போகிற வழியை மூடி அதன்மேல் கோலிக்குண்டு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தெரிந்து செய்தவர் இல்லை. அவர் அங்கே வீடு கட்டும்போதே வாய்க்கால் தூர்ந்துபோயிருந்தது.

லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுகிறவள் நான். தெருவில் வேறு யாரைவிடவும் எனக்குத்தான் அந்தத் தண்ணீர் வேண்டும். ஆனால் செல்லம்மா அந்த நேரம் பார்த்தா தளத்தை ஈரத்துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும்? எனக்கு மனசு கேட்கவில்லை. "ரெண்டே முக்கால்" என்று கத்திவிட்டேன்.

அவர் டியூப் முனையை இறக்கினார். தளத்தைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டைப்பிஸ்ட் அம்மா."

"என்னண்ணே?"

"டைப் அடிக்கையில தப்பு விழுந்தா என்ன செய்வீக?"

"அழிச்சுட்டு அடிப்பேன்."

"அப்ப அழிச்சுட்டுச் சொல்லுங்க."

"மூணரை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

சேதி தெரிந்து முத்தையா ஓடிவந்தார். "ஒரு தளத்துக்காக என்னத்தை இடிக்கிறது? வேற வழி இருக்கான்னு பாப்போம், நீங்க நம்ம ஆளு" என்றார். ரசமட்டம், "அன்னைக்கு மண்ணைக் கொட்டச் சொன்னமே, அந்தக் கடைக்காரரு நம்ம ஆளு இல்லையா?" என்று கேட்டுவிட்டு உளி எடுக்க உள்ளே போனார். செல்லம்மா கையிலிருந்த ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். "ஆத்தாடி, இனிமே மழைக்குக் கூட்டத் தேவையில்லை" என்று சொன்னவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

உதவிக்குப் போனவர்களை அவர் கிட்டவே விடவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தானே நெம்பி எடுத்தார். நாலு நாள் ஆனது. அடியில் பழைய வாய்க்கால், பக்கக் கல் கட்டியது, அப்படியே இருந்தது. அதிலும் கட்டையை வைத்துப் பார்த்தார். "அந்தக் காலத்து ஆளு எவனோ வேலை தெரிஞ்சவன்" என்றார். மனுசன் இன்னொருத்தரைப் பாராட்டி நாங்கள் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

ஐப்பசியில் அடைமழை. தெருவே ஊருணிக் கரையில் நின்றது. தண்ணீர் செம்மண் நிறத்தில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வீட்டுப் பங்கையும் தாண்டி, ரசமட்டம் வீட்டு வாசலுக்கு வந்து, நின்று யோசிக்காமல் ஊருணிக்குள் இறங்கியது. அவர் வீட்டுக்குப் போகப் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டிருந்தார்கள். தளத்திலிருந்து எடுத்த கற்களை அவரே கரையில் பதித்திருந்தார், பெண்கள் குடம் இறக்கி வைக்கிற இடத்தில். அந்தக் கல்லின் மேல் எந்தக் குடமும் இன்றுவரை ஆடி நான் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில், எல்லாரும் கேட்க, முத்தையாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "அது சரி, அன்னைக்கு டைப்பிஸ்ட் அம்மா மொதல்ல ரெண்டே முக்கால்னுல்ல கத்துனாக? மேல நின்ன எனக்கே கேட்டுச்சு. பெறகு எப்படி மூணரை ஆச்சு?"

தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. ஊருக்கே வரவேண்டிய தண்ணீரை நிறுத்தப் பார்த்தவள் நான். ரசமட்டம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பாமல் சொன்னார்.

"டியூப்ல காத்து புகுந்திருச்சுப்பா."