வண்டிக்கு வாங்குன கள்ளு

மண்ணாங்கட்டி ஓட்டுற லாரி, ஜெர்மன் சண்டையில குண்டு சொமந்தது. இப்போ எண்ணூருலேர்ந்து ராயபுரத்துக்கு உப்பு சொமக்குது. அந்தச் சண்டையிலயே சாவாத இஞ்சினு, தெனமும் திருவொத்தியூரு கள்ளுக்கடை வாசல்ல மட்டும் செத்துப் பூடும்.

"கொதிச்சா எண்ணெ மோராட்டம் ஆயிடும்மே. ஆயில் மீட்டரு முள்ளு படுத்துக்கும். ஆற வுட்டுத்தான் எடுக்கணும்"னு பொண்டாட்டி பச்சையம்மாகிட்ட அளப்பான்.

"உன் வாயில இன்னாய்யா நாத்தம்?"

"இஞ்சின் பொகைமே!"

"தண்ணி ஊத்திகினு வரதுதான?"

"அங்க கெணத்துல உப்புத்தண்ணிமே. ஊத்துனா ரேடியேட்டர் துருப்புடிச்சி ஓட்டையாயிடும்."

ஒருநாளு மொதலாளி கத்திட்டாரு: "இனிமே லேட்டா வந்தா வேற டிரைவரு!"

சேதி கேட்ட பச்சையம்மா முந்தானைய இழுத்துச் சொருவுனா. "நாளைக்கு நானும் வரேன். அந்த முள்ளு எப்டிப் படுக்குதுன்னு பாக்கறேன்."

செத்தான் மண்ணாங்கட்டி. நாளைக்கு மெய்யாலுமே கொதிச்சாவணுமே! விடியறதுக்குள்ள எழுந்து, ரேடியேட்டர்ல பாதித் தண்ணியத் தொறந்துவுட்டான். குடிக்க எடுத்துகினு போற டின்னுத் தண்ணிய கொல்லையில முருங்கை மரத்துக்கு ஊத்திட்டான்.

உப்பு ஏத்திகினு திரும்பையில கள்ளுக்கடை வந்திச்சி. பானெட்டு விசிலடிச்சிது. முள்ளு நெசமாவே படுத்துச்சி.

"பாத்தியாமே! நீ குந்து. நான் போய் நல்லதண்ணி கேட்டுகினு..."

"நீ வண்டியப் பாருய்யா." அவன் மடியில கீற காச உருவிகினு எறங்கிட்டா.

திரும்பி வந்தப்போ இடுப்புல ஒரு பானை. பானை நெறைய நொரை.

மண்ணாங்கட்டிக்குக் கண்ணுல தண்ணி வந்திடுச்சி. "எனக்காமே?"

"வண்டிக்குய்யா."

"அய்யய்யோ! கள்ளப் போயி ஊத்துவாங்களா?"

"ஏன், உப்பா கரிக்குது?"

"சூட்டோட ஊத்துனா இஞ்சின் வெடிச்சிடும்மே! ஆறுற வரைக்கும் பானைய இப்டிக் குடு, நான் வெச்சிகினு..."

"ஆறட்டும். நானே வெச்சிக்கறேன்."

மடியில பானையோட அவ குந்திகினா. எதுக்க இவன். நொரை அடங்கிச்சி, இவன் நாக்கு அடங்கல. அப்பறம் ரேடியேட்டர் மூடியத் தொறந்து, அவன் கண்ணு முன்னாடியே கடகடன்னு ஊத்துனா. லாரி ஒரு சொட்டு மிச்சம் வெக்கல.

ராயபுரம் வரைக்கும் கள்ளு ஆவி மூஞ்சில அடிச்சிகினே வந்திச்சி. நேரத்துக்கு வந்துட்டான்னு மொதலாளி முதுகுல தட்டுனாரு. மண்ணாங்கட்டி அழுவாத கொறை.

வூட்டாண்ட எறங்கையில பச்சையம்மா காலி டின்ன அவன் கையில குடுத்தா.

"நாளைக்கும் தண்ணிய முருங்கைக்கே ஊத்துய்யா. எனக்குக் கொடம் தூக்குற வேலை மிச்சம்."