டேட்டா காவலர்

சிங்கப்பூரில் டேட்டா காவலர் என்றோர் இனம் உண்டு. சீருடை கிடையாது, அதனால் சட்டென்று கண்டுபிடிக்க முடியாது. எம்.ஆர்.டி. ரயில் பெட்டியில் எல்லாரும் போனில் நாடகம் பார்த்துக்கொண்டு வரும்போது, நாடகம் பார்த்தால் எவ்வளவு டேட்டா போகும் என்று பார்த்துக்கொண்டு வருகிறாரே ஒருவர், அவர்தான்.

இவருடைய போன் திட்டம் தருகிற டேட்டாவைக் குடும்பமே உட்கார்ந்து செலவழித்தாலும் மாதக் கடைசியில் மிஞ்சும். மிஞ்சியது அடுத்த மாதத்துக்கு வராது என்பதும் இவருக்குத் தெரியும். அதற்காகக் காவலை விட்டுவிட முடியுமா?

ஈசூனில் இருக்கும் என் நண்பர் ரத்னவேல் இந்த இனத்தில் முதல் தரம். டேட்டாவை அளக்க ஒரு செயலி வேண்டும் என்று அவர் தேடிய தேடலைப் பார்த்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்றார் மனைவி உமாமகேஸ்வரி. முதல் செயலி வட்டமாகக் காட்டியது. வட்டத்தில் அவருக்கு நம்பிக்கையில்லை. இரண்டாவது கட்டம் கட்டமாகக் காட்டியது, ஆனால் முதலாவதைவிடக் குறைத்துச் சொன்னது. எது பொய் சொல்கிறது என்று அறிய மூன்றாவது வந்தது, மூன்றும் சேர்ந்து எவ்வளவு தின்கின்றன என்று பார்க்க நான்காவது வந்தது, நான்கைப் பற்றியும் யூடியூப்பில் யார் யாரோ பேசியதையெல்லாம் பஸ்ஸில் போகும்போது பார்த்து முடித்தார். அந்த மாதம் டேட்டா எகிறியது.

"பாத்தீங்களா, எப்படி ஓடுதுன்னு! காவல் இல்லாட்டி என்ன ஆகும் லா?" என்று என்னிடம் கேட்டார்.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதில் நாமே ஓர் எல்லை வைக்கலாம். எல்லை வந்ததும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். எல்லைக்குள் மாதத்தை முடித்தால் பச்சை நட்சத்திரம் ஒன்று தரும். ரத்னவேல் திட்டத்தில் கால்வாசியை எல்லையாக வைத்தார், மனைவியின் போனிலும் அப்படியே வைத்துக் கொடுத்தார்.

மாதத்தின் கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை, இருவரும் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது, தலைப்பிரசவத்துக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ஆஸ்பத்திரியில் இருந்த மகள் சுஷ்மிதா அப்பாவின் போனுக்கு வீடியோவில் அழைத்தாள்.

"அப்பா, அம்மா, பாப்பா பொறந்துட்டா! இங்க பாருங்க..."

போர்வை தெரிந்தது. போர்வைக்குள் ஒரு நெற்றி தெரிந்தது. படம் நின்றது. எல்லை வந்துவிட்டது என்று திரையில் செய்தி வந்தது.

ரத்னவேல் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. பேத்தியால் வந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

"பாத்தியா உமா? டக்குன்னு நிறுத்திடுச்சு! மத்ததெல்லாம் சும்மா லா, இதுதான் ஆப்!"

"ஏங்க, அதத் தொறங்க. பாப்பா மூஞ்சியப் பாக்கணும்."

"தொறந்தா ஸ்டார் போயிடும். வீட்ல வைஃபை இருக்கு, போய்ப் பாத்துக்கலாம். பாப்பா எங்க ஓடிடப் போறா?"

உமாமகேஸ்வரி தன் போனை எடுத்தார். அதிலும் அதே செய்தி. மீன்காரர் அப்துல் அலீம் கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை நீட்டினார்.

"நம்பர் சொல்லுங்கக்கா, இதுல பேசுங்க."

ஆக, பேத்தியின் முகத்தை உமாமகேஸ்வரி பார்த்தார். அப்துல் அலீம் பார்த்தார். வரிசையில் நின்ற ஒரு சீன மாது கூடைக்கு மேலாக எட்டிப் பார்த்துக் கை தட்டினார். "கொட்டாவி விடுது பாருங்கக்கா!" என்றார் மீன்காரர். உமாமகேஸ்வரி அழுதுகொண்டே சிரித்தார். ரத்னவேல் எங்கே? செயலியின் செய்தியைப் படம்பிடித்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். இணைப்பு இல்லாததால் அது போகவில்லை.

வீட்டுக்கு வந்து, வைஃபையில் நிதானமாக உட்கார்ந்து மகளை அழைத்தார். பாப்பா தூங்குகிறாள் என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எல்லாரும் பாத்துட்டாங்கப்பா. மீன்கார அங்கிள்கூடப் பாத்துட்டாரு. அம்மா சொன்னாங்களே, உங்களுக்கு அந்த ஸ்டார் வந்துச்சா?"

வந்தது. எனக்கும் அனுப்பிவைத்தார். பச்சையாக, நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வாட்ஸ்அப்பைக் கொஞ்சம் பாருங்கள். வைஃபை உள்ள இடத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் இறக்காமல் விட்டுவைத்த வீடியோ ஒன்று இன்னும் மங்கலாகவே நிற்கிறதே, அதில் இருப்பது யார் முகம்?